பழைய ரெண்டரர் நீக்கப்படும்போது கல்யாண வீடியோ எடிட்டர்கள் செய்ய வேண்டியவை

எடிட்டிங் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டுப் பாதி முடிந்த கல்யாணம் ஒன்றைத் திறக்கும்போது, எபெக்டுகளைக் கணக்கிட அந்தப் புராஜெக்ட் கடைசியாகப் பயன்படுத்திய ரெண்டரர் இந்தக் கணினியில் இல்லை என்றும், இனி கிராபிக்ஸ் கார்டின் உதவியில்லாத சாஃப்ட்வேர் ஒன்லி முறையே பயன்படுத்தப்படும் என்றும் சொல்லும் சிறிய பெட்டி ஒன்று திரையில் தோன்றும். பெரும்பாலோர் அதைப் படிக்காமலேயே ஓகே கொடுத்துவிடுகிறார்கள். நேற்றுவரை டைம்லைனின் மேல் மஞ்சளாக ஓடிய கோடு சிவப்பாகியிருப்பதும், மாலை மாற்றும் காட்சி திக்கித் திக்கி நகர்வதும், ஒரு மணி நேரத்தில் முடிந்த எக்ஸ்போர்ட் விடிய விடிய ஓடுவதும் அதற்குப் பிறகுதான் கண்ணில் படுகின்றன. உடனே கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கம்ப்யூட்டர் கடைக்குப் பணத்தோடு கிளம்பிவிடுகிறார்கள்.

கார்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை வேலை வாங்குவதற்கு மென்பொருள் இதுவரை பயன்படுத்திய ஒரு வழியைத்தான் நிறுவனம் மூடியிருக்கும். மூடப்பட்டது எந்த வழி என்று தெரிந்துகொள்வதற்கு முன் பணம் செலவழிக்கக் கூடாது; கையில் இருக்கும் கல்யாணங்களைக் கொடுத்து முடிக்கும் முன் எதையும் மாற்றவும் கூடாது. டவுன் ரத வீதியிலிருந்து அம்பாசமுத்திரம், வள்ளியூர் வரை ஒன்றிரண்டு அசெம்பிள் கணினிகளை வைத்துக்கொண்டு தொழில் செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்காக, இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதைக் கீழே விரித்து எழுதியிருக்கிறேன்.

மூடப்பட்ட வழி எது

எடிட்டிங்கில் கிராபிக்ஸ் கார்டு மூன்று தனித்தனி வேலைகளைச் செய்கிறது. கேமராவில் எச்.264, ஹெச்இவிசி என்ற சுருக்க முறைகளில் பதிவான கோப்புகளை விரித்துப் படங்களாக்குவது முதல் வேலை. அந்தப் படங்களின் மேல் நிறத் திருத்தம், மங்கல், அளவு மாற்றம் போன்ற எபெக்டுகளைக் கணக்கிடுவது இரண்டாவது. முடிந்ததைத் திரும்பச் சுருக்கிக் கோப்பாக்குவது மூன்றாவது. முதலும் மூன்றும் கார்டுக்குள்ளோ சிபியுவுக்குள்ளோ இருக்கும் தனிச் சில்லுப் பகுதிகளில் நடக்கின்றன. இன்டெல் சிபியுக்களில் 2011 முதல் வரும் குயிக் சிங்க் அத்தகையது. ரெண்டரர் என்று மென்பொருள் குறிப்பிடுவது நடுவில் உள்ள எபெக்ட் வேலையை மட்டுமே. என்விடியாவின் குடா, பல நிறுவனங்களின் கார்டுகளுக்கும் பொதுவான ஓப்பன்சிஎல், ஆப்பிளின் மெட்டல் ஆகியவை அந்த நடு வேலையைக் கார்டிடம் ஒப்படைப்பதற்கான வழிகள்.

இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் தவறான மருந்தைத் தேடுகிறார்கள். ரெண்டரர் போய்விட்டால் ப்ராக்ஸி போட்டுப் பார் என்று ஒருவர் சொல்லுவார். கிளிப்புகளுக்குப் பதிலாக வைத்து எடிட் செய்யும் சிறிய நகலான ப்ராக்ஸி முதல் வேலையின் சுமையைக் குறைக்கும், எபெக்ட் கணக்கின் சுமையை ஓரளவுக்கே குறைக்கும். எபெக்ட் எதுவும் போடாத வெறும் கிளிப்பும் திக்கினால் குற்றம் கோப்பை விரிக்கும் இடத்தில் இருக்கிறது. வெறும் கிளிப் சரியாக ஓடி, லூமெட்ரி என்ற நிறத் திருத்த எபெக்டைப் போட்டதும் திக்கினால் குற்றம் ரெண்டரரில் இருக்கிறது. இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைத் திறந்தால் வீடியோ டிகோட், வீடியோ என்கோட் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரைபடங்கள் ஓடுவதையும் காணலாம்.

பிரீமியர் புரோவில் ஃபைல் மெனுவில் உள்ள புராஜெக்ட் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியைத் திறந்தால் ரெண்டரர் என்ற வரியில் தற்போது எது தேர்வாகியிருக்கிறது என்று தெரியும். டாவின்சி ரிசால்வில் பிரிஃபரன்ஸஸில் சிஸ்டம் பகுதிக்குள் மெமரி அண்ட் ஜிபியு என்ற இடத்தில் ஜிபியு பிராசசிங் மோட் இருக்கிறது. இரண்டிலும் பழைய பதிப்பிலேயே இதைப் பார்த்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மாறிய பிறகு முன்பு எது இருந்தது என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை. எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் அது நீண்ட காலமாகச் சிபியுவையும் குயிக் சிங்க்கையுமே பெரிதும் நம்பி வந்திருக்கிறது. அவர்கள் கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் சிபியுவின் உள்கிராபிக்ஸ் அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இப்படி வழிகள் மூடப்படுவது புதிதல்ல. பிரீமியர் 2010இல் சிஎஸ்5 பதிப்பில் மெர்க்குரி பிளேபேக் எஞ்சினைக் கொண்டுவந்தபோது கார்டு வழி ஓட்டம் குடாவில் மட்டுமே இருந்தது. ஓப்பன்சிஎல் பிறகுதான் வந்தது. ஆப்பிள் 2018இல் மொஹாவி வெளியானபோது ஓப்பன்ஜிஎல், ஓப்பன்சிஎல் இரண்டையும் கைவிடப்படுபவை என்று அறிவித்து, எல்லோரையும் மெட்டலுக்குப் போகச் சொன்னது. மேக்கில் குடாவின் கதை 2019இல் வந்த 10.2ஆம் பதிப்போடு முடிந்தது. ஒவ்வொரு எபெக்டையும் ஒவ்வொரு வழிக்கும் தனியாக எழுதி, ஒவ்வொரு கார்டிலும் சோதித்துப் பார்ப்பது நிறுவனங்களுக்குச் செலவு. பயன்படுத்துவோர் குறைந்ததும் முதலில் வெட்டப்படுவது அதுதான். இதில் அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் வெட்டப்படும் செய்தியைப் புதுப் பதிப்பின் குறிப்புகளில் பதினைந்தாவது வரியில் புதைத்துவைப்பதுதான் நியாயமாகப் படவில்லை.

கார்டின் எண்ணைப் பார்க்காமல் தலைமுறையைப் பாருங்கள்

விண்டோஸில் என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. குடா என்ற பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். ஆனால் உங்கள் கார்டுக்கு அது கிடைக்காது. மென்பொருள் நிறுவனம் புதிய குடா தொகுப்பைக் கொண்டு தன் பதிப்பைக் கட்டும்போது, அந்தத் தொகுப்பு எந்தத் தலைமுறைக் கார்டுகளைக் கைவிட்டதோ அவையெல்லாம் தாமாகவே வெளியே போய்விடும். 2025இல் வந்த குடா 13, மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்ட்டா ஆகிய மூன்று தலைமுறைகளையும் கைவிட்டது. குடா 12ஐக் கொண்டு கட்டிய பதிப்பு இந்தக் கார்டுகளில் தொடர்ந்து ஓடும். அடுத்த பதிப்புக்கு மாறும்போதுதான் கதவு அடைபடும். ஆகவே கடைக்கு வாங்கிய நாள் முதல் நன்றாக ஓடிய கார்டு ஒரே இரவில் செயலிழந்ததுபோல் தோன்றுகிறது.

இங்கே கார்டின் மெமரி அளவை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். 2017இல் பெரிய விலைக்கு விற்ற ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 11 ஜிபி மெமரியோடு பாஸ்கல் தலைமுறையில் இருக்கிறது. 2019இல் வந்த 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 டூரிங் தலைமுறையில் இருக்கிறது. குடா 13இல் முன்னதற்கு இடமில்லை, பின்னதற்கு உண்டு. நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் அதிகம் காணப்படும் 1050 டிஐ, 1060 ஆகியவை பாஸ்கல்; 750 டிஐ, 960 ஆகியவை மேக்ஸ்வெல். 600, 700 வரிசைகளின் பெரும்பகுதி கெப்ளர்; கெப்ளருக்கு 470 டிரைவர் வரிசையே கடைசி, பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு நின்றுவிட்டன. மேக்ஸ்வெல், பாஸ்கல் இரண்டுக்கும் 580 டிரைவர் வரிசை கடைசி. 2025 அக்டோபருக்குப் பிறகு அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே, அவையும் 2028 அக்டோபர் வரைதான் வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது.

டிரைவர் எண்ணை அறிய என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதை அழுத்தினால் போதும். கார்டின் உண்மையான தலைமுறையை அறிய ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியை ஓட்டிப் பாருங்கள். செகண்ட் ஹேண்டாக வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனெனில் பழைய ஃபெர்மி கார்டின் பயாஸை மாற்றியெழுதி 1050 டிஐ என்று விற்கும் வழக்கம் சந்தையில் உண்டு; அத்தகைய கார்டை அந்தக் கருவி போலி என்றே எழுதிக் காட்டிவிடும்.

கையில் இருக்கும் கல்யாணங்களைப் பாதுகாத்தல்

மாற்றத்தில் பணத்தைவிட அதிகம் இழக்கக்கூடியது பாதி முடிந்த புராஜெக்டுகள்தான், ஆகவே இந்தப் பகுதியைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

முதலில் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். கிரியேட்டிவ் கிளவுட் செயலியின் பிரிஃபரன்ஸஸில் ஆப்ஸ் பகுதியில் ஆட்டோ அப்டேட் என்ற பொத்தான் இருக்கிறது, அதை அணைத்துவிடலாம். நீங்களாகவே புதிய பதிப்பை நிறுவும்போதும், மேம்பட்ட தேர்வுகளைத் திறந்து, பழைய பதிப்புகளை நீக்கு என்ற கட்டத்தில் இருக்கும் குறியை எடுத்துவிட வேண்டும். அதை எடுக்காமல் விட்டால் பழைய பதிப்பு சத்தமில்லாமல் போய்விடும். சந்தாவில் பின்னோக்கிச் சில பதிப்புகள் மட்டுமே கிடைக்கும் என்பதால், நீங்கள் பயன்படுத்தியது மிகப் பழையதாக இருந்தால் திரும்பக் கிடைக்காமலும் போகலாம்.

அடுத்து, புதிய பதிப்பில் ஒருமுறை திறந்து சேமித்த புராஜெக்டைப் பழைய பதிப்பு திறக்காது. பிரீமியர் திறக்கும்போதே மாற்றப்பட்ட கோப்புக்கு வேறு பெயர் கேட்கும். அப்போது பழைய பெயரின் மேலேயே எழுதாமல் புதுப் பெயர் கொடுங்கள். ரிசால்வில் இது இன்னும் கூர்மையானது, ஏனெனில் அங்கே எல்லாப் புராஜெக்டுகளும் ஒரே லைப்ரரிக்குள் இருக்கின்றன. புதிய பெரும் பதிப்பு அந்த லைப்ரரியையே மேம்படுத்தக் கேட்கும். ஒப்புக்கொண்டால் அதில் உள்ள கல்யாணம், கோவில் கொடை, பூப்புனித நீராட்டு எல்லாம் சேர்ந்து அக்கரைக்குப் போய்விடும். ஆகவே லைப்ரரியை முழுவதும் பேக்கப் எடுத்து, முக்கியமான புராஜெக்டுகளைத் தனித்தனியாகவும் எக்ஸ்போர்ட் செய்து, வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்த பிறகே புதியதை நிறுவ வேண்டும். தப்பித் தவறி மேம்படுத்திவிட்டால் எக்ஸ்எம்எல் வழியாகப் பழையதற்குக் கொண்டுவரலாம். வெட்டுகள் வந்து சேரும், ஆனால் நிறத் திருத்தங்களிலும் டைட்டில்களிலும் பெரும்பகுதி வந்து சேராது.

பாதி முடிந்தவற்றுள் ஏற்கெனவே முடித்துவைத்த பகுதிகளை, உதாரணமாக நலங்கையும் பெண் அழைப்பையும், பழைய பதிப்பிலேயே ப்ரோரெஸ் போன்ற இடைநிலைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். எபெக்டுகள் அதற்குள் பதிந்துவிடுவதால், பிறகு எந்த ரெண்டரர் இருந்தாலும் அந்தப் பகுதி மாறாது. ஃபுல் எச்டியில் நொடிக்கு 25 பிரேம் ப்ரோரெஸ் 422 என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 55 ஜிபி இடம் வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் மூன்று மணி நேர வீடியோவை விடாமல் கேட்கும் குடும்பங்கள் இன்னும் இருப்பதால், இடத்தை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

சாஃப்ட்வேர் ஒன்லி முறையில் எவ்வளவு தூரம் போகலாம்

கார்டு வெளியேற்றப்பட்டுவிட்டாலும் அந்த மென்பொருள் ஓடாமல் போவதில்லை. எளிய வெட்டு, ஒட்டு, பாடல் சேர்ப்பு, டைட்டில் ஆகியவற்றோடு முடியும் வேலைகளைச் சாஃப்ட்வேர் ஒன்லி முறையிலேயே முடித்துக் கொடுத்துவிடலாம். நீண்ட எக்ஸ்போர்டுகளை இரவில் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் கிராமத்துக் கடைகளில் இரவு மின்தடை வந்தால் யுபிஎஸ் தாங்கும் நேரம் போதாது, ஆகவே மூன்று மணி நேர வீடியோவை முகூர்த்தம், ரிசப்ஷன், மறுவீடு என்று துண்டுகளாக எக்ஸ்போர்ட் செய்து பிறகு இணைப்பதே பாதுகாப்பு.

ஆனால் ஒரு பொறி உண்டு, அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கார்டு வழியும் சாஃப்ட்வேர் வழியும் எல்லா இடத்திலும் ஒரே படத்தைத் தருவதில்லை. பிரீமியரின் சீக்வென்ஸ் செட்டிங்ஸில் லீனியர் நிறத்தில் கலப்பது பற்றிய ஒரு கட்டம் இருக்கிறது. கார்டு முடுக்கமோ, மேக்ஸிமம் ரெண்டர் குவாலிட்டியோ இருந்தால்தான் அது செயல்படும் என்று அந்தக் கட்டமே சொல்லுகிறது. இரண்டும் இல்லாதபோது அதே கிராஸ் டிசால்வ் வேறு வெளிச்சத்தில் கரையும். அட்சதை தூவும் காட்சியிலிருந்து தாலிக் குளோசப்புக்குக் கரையும் இடத்தில் ஒரு பிரேமை நிறுத்தி இரண்டு முறைகளிலும் ஒப்பிட்டால், நடுப்புள்ளியில் விளக்கொளியும் பட்டின் சரிகையும் ஒன்றில் பளிச்சென்றும் மற்றதில் அடங்கியும் இருப்பது தெரியும். 4கே கிளிப்பை ஃபுல் எச்டிக்குச் சுருக்கும்போது ஓரங்களின் கூர்மையும் மாறும். இவற்றைச் சரிசெய்ய எக்ஸ்போர்ட் செய்யும்போது மேக்ஸிமம் ரெண்டர் குவாலிட்டியைத் தேர்வு செய்யுங்கள். நேரம் கூடும், படம் நெருங்கி வரும். எப்படியிருந்தாலும் ஒரே கல்யாணத்தின் பாதியை ஒரு முறையிலும் மறுபாதியை மற்றொரு முறையிலும் ரெண்டர் செய்ய வேண்டாம். ரெண்டரரை மாற்றும்போது பழைய பிரிவியூக்களை அழிக்கவா, வைத்துக்கொள்ளவா என்று மென்பொருள் கேட்டால் அழித்துவிடுங்கள், இல்லையேல் இரண்டு விதப் படங்களும் ஒரே டைம்லைனில் கலந்து கிடக்கும்.

புதுக் கார்டு வாங்குவதென்றால்

கார்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் கணினியைத் திறந்து, அதற்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்று பாருங்கள். 750 டிஐ, 1050 டிஐ ஆகியவற்றின் பல மாடல்கள் தனி மின்இணைப்பு இல்லாமல் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்பவை, ஆகவே அவை இருந்த கணினிகளில் சாதாரண எஸ்எம்பிஎஸ்தான் இருக்கும். அந்த இடத்தில் 170 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 3060ஐப் பொருத்தினால் எஸ்எம்பிஎஸையும் மாற்ற வேண்டிவரும். 2024இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050, 70 வாட் மட்டுமே எடுப்பதால் அத்தகைய கணினிகளுக்குப் பொருந்தும். ஃபுல் எச்டி கல்யாண வேலைக்கு அது போதும் என்பதே என் கருத்து. முழுக்க 4கேயில் நிறத் திருத்தம் செய்பவர்களுக்கு 12 ஜிபி உள்ள 3060உம் நல்ல எஸ்எம்பிஎஸும் சேர்ந்த செலவுதான் சரி.

சோனியின் புதிய கேமராக்களில் நிற விவரத்தை அதிகம் பதியும் 10 பிட் 4:2:2 முறையில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்தக் கோப்புகளை விரிக்கும் வசதி என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. இன்டெல் சிபியுக்களின் உள்கிராபிக்ஸிலோ 11ஆம் தலைமுறையிலிருந்தே ஹெச்இவிசி 4:2:2 கோப்புகளுக்கு அது இருக்கிறது. ஆகவே கணினியையே மாற்றுபவர்கள், விலை குறைகிறதே என்று பெயரின் கடைசியில் எஃப் எழுத்து வரும் சிபியுவை வாங்கிவிட வேண்டாம். அதில் உள்கிராபிக்ஸ் கிடையாது, குயிக் சிங்க்கும் கிடையாது.

எப்போது மாறுவது

கல்யாணம் இல்லாத மாதம் என்று ஆடியைத் தேர்ந்தெடுப்பது பொதுவான வழக்கம். ஆனால் நம் சீமையில் ஆடி சும்மா இருக்கும் மாதம் அல்ல: ஊருக்கு ஊர் அம்மன் கொடை வரும், சங்கரன்கோவிலில் ஆடித்தபசு வரும், வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் விடிய விடியப் பதிவாகி மலைபோல் கோப்புகள் சேரும். புரட்டாசியில் குலசைத் தசரா வேலை இருக்கும். ஆகவே பெரும்பாலான கடைகளுக்கு மார்கழியே வசதி. பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய கல்யாணங்களை எடுப்பவர்களுக்கு லெந்து நாட்களும், மேலப்பாளையத்தில் தொழில் செய்பவர்களுக்கு ரமலான் மாதமும் பொருந்தும். எந்த மாதமாக இருந்தாலும், "அண்ணாச்சி, வளைகாப்புக்குள்ளயாவது கல்யாண வீடியோவத் தந்துருவியளா?" என்று கேட்கும் வீட்டுக்காரர்களின் வேலை முடிந்திருக்க வேண்டும்.

மாறுவதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை டைம்லைன் ஒன்றைப் பழைய பதிப்பில் உருவாக்கிக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் வழக்கமாகப் போடும் நிறத் திருத்தம், ஒரு மங்கல், ஒரு கிராஸ் டிசால்வ், தமிழ் எழுத்தில் ஒரு டைட்டில், காசு கொடுத்து வாங்கிய பிளகின் ஒன்று ஆகியவை இருக்கட்டும். பிளகினை விடாதீர்கள், மென்பொருளே புதிய வழிக்கு மாறிய பிறகும், பழைய வழியை நம்பி எழுதப்பட்ட பிளகின் அங்கே கறுப்புத் திரையாகவோ, கடுமையான தாமதமாகவோ வெளிப்படும். பழைய பதிப்பில் எக்ஸ்போர்ட் செய்து, ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதே டைம்லைனின் நகலைப் புதிய பதிப்பில் திறந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இரண்டையும் மேலும் கீழும் அடுக்கி, மேலடுக்கின் பிளெண்ட் மோடை டிஃபரன்ஸ் என்று வைத்தால், ஒரே மாதிரி உள்ள இடம் கறுப்பாகவும் வேறுபட்ட இடம் வெளிச்சமாகவும் தெரியும்.

சோதனை தேறிய பிறகும் பழைய பதிப்பைக் கணினியில் அப்படியே விட்டுவையுங்கள், ஏனெனில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த கல்யாணத்தில் ஒரு பாடலை மட்டும் மாற்றித் தரச் சொல்லி வருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பழைய கார்டை விற்பதாக இருந்தாலும், ஆல்பம் டிசைன் செய்யும் கணினிக்கு மாற்றுவதாக இருந்தாலும், அதற்குரிய கடைசி டிரைவரின் நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி, பழைய பதிப்பின் பிளகின் நிறுவல் கோப்புகளோடு சேர்த்து ஒரே ஃபோல்டரில் வைத்து, கார்டின் பெயரையே அந்த ஃபோல்டருக்கும் வைத்துவிடுங்கள்.